பத்து நிமிட நடையில் ஒரு சிப்பி

லீட்ஸுக்குப் புதிதாகக் குடிவரும் நண்பர்கள் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். "இங்கே நல்ல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்?" நான் கடைப் பெயர் எதையும் சொல்வதில்லை. "வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. ஒன்பது வருடம் இந்த ஊரில் பொரித்த மீன் தின்று நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்து எழுதிவைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மீன் வாங்குவது எங்கள் வீட்டில் அம்மாவின் பொறுப்பு. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், விரலால் அமுக்கிப் பார்ப்பாள். அமுக்கிய பள்ளம் எழும்பி வராவிட்டால் பேரம்கூடப் பேசாமல் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவாள். 'ஐஸ் மீன்' என்று சொன்னால் அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பு கிடையாது என்று அர்த்தம். அப்படி வளர்ந்த நான் லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயருக்கு வந்தேன். இங்கே மீனுக்குத் தலை இல்லை, செவுள் இல்லை, இந்தப் பக்கத்து வழக்கப்படி தோலும் இல்லை. எல்லாம் மாவுக்குள் மறைந்திருக்கிறது. அம்மா கற்றுக்கொடுத்த சோதனைகளில் ஒன்றைக்கூட இங்கே செய்துபார்க்க முடியாது.

வடக்கு இங்கிலாந்தில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையைச் 'சிப்பி' என்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, பக்கத்து மேசைத் தோழி "சாயங்காலம் சிப்பிக்குப் போறோம், வர்றியா?" என்று கேட்டபோது எனக்கு முத்துக்குளித்துறைதான் மனதில் வந்தது. எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்காது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தச் சிப்பிகளுக்கும் அது பொருந்தும் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த இரண்டு வருடமும் நான் தேடியது பேர்பெற்ற கடைகளை. யார் எங்கே எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் போனேன். ஒருமுறை விட்பி வரைக்கும் கார் ஓட்டினேன். கடற்கரை ஊர், இங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, கடற்காகங்களைக் கையால் விரட்டிக்கொண்டே தின்ற அந்த மீன் அபாரம். ருசி பிடித்துப்போய் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லீட்ஸில் பிரித்தால், அதே மீன், அதே மாவு, அதே உருளைக்கிழங்கு. ஆனால் ஈரத்துணியைச் சுற்றிவைத்தது போலிருந்தது. அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். சூடு ஏறியது, உயிர் ஏறவில்லை.

பிறகு மொபைலில் ஆர்டர் செய்து வரவழைத்துப் பார்த்தேன். மூடிய அட்டைப்பெட்டியில், பையில் கட்டி, இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. மூடியைத் திறந்ததும் உள்பக்கமெல்லாம் நீர்த்துளி. அந்தத் துளிகளைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

மாவில் தோய்த்த மீனை 180 டிகிரி சூட்டில் போட்டதும் மாவில் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறுகிறது. எண்ணெய்க்குள் கொப்புளம் கொப்புளமாகப் பொங்குவது அதுதான். தண்ணீர் போன இடமெல்லாம் மாவு இறுகி ஓடாகிறது. எண்ணெய் நேரடியாக மீனைத் தொடுவதே இல்லை. ஓட்டுக்குள்ளே மீன் தன் ஈரத்திலேயே இட்லி மாதிரி ஆவியில் வேகிறது. இந்தச் சமையலின் சாமர்த்தியமே அதுதான்: வெளியே பொரியல், உள்ளே அவியல். ஆனால் வெளியே எடுத்த பிறகும் மீனிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். அது ஓட்டின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மூடிய பெட்டியென்றால் மூடியில் முட்டித் தண்ணீராகித் திரும்ப ஓட்டின் மேலேயே சொட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் அந்த ஓடு தாங்காது. சிப்ஸுக்கும் இதே கணக்குதான்.

பழைய கடைக்காரர்கள் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதன் அருமை அப்போது விளங்கியது. காகிதம் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், கொஞ்சம் மூச்சுவிடும். ஒரு காலத்தில் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். 1980களில் அந்த வழக்கம் நின்று, இப்போது வெள்ளைத் தாள். அதுவும் சில நிமிடங்களைத்தான் கூட்டிக்கொடுக்கும்.

ஆக, ஃபிஷ் அண்ட் சிப்ஸின் ஆயுள் பத்து நிமிடம். வாணலியிலிருந்து வாய்க்கு உள்ள தூரமும் மாவு, உப்பு, எண்ணெய் போல ஒரு சேர்மானம். நாட்டிலேயே பேர்பெற்ற கடை இரண்டு மணி நேரத் தொலைவில் இருப்பதைவிட, நேர்மையான கடை ஒன்று தெருக்கோடியில் இருப்பது மேல். அதனால்தான் வீடு எங்கே என்று கேட்கிறேன்.

இது புரிந்ததும் வரைபடத்தில் என் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிட நடை தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் மூன்று கடைகள். முதல் கடையில் மாலை ஐந்து மணிக்கே பத்துப் பன்னிரண்டு மீன் பொரித்து, மேலே இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்திருந்தார்கள். 'ஹாட் பாக்ஸ்' என்பார்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்கள். காகிதத்தில் சுற்றும்போதே பாதி ஆயுள் முடிந்திருந்தது. இரண்டாவது கடையில் வாசலிலேயே எண்ணெய் களைத்த வாசனை. நம்மூர்ப் பஜ்ஜிக் கடையில் நாள்பட்ட எண்ணெயை மூக்கு கண்டுபிடிக்குமே, அதே வாசனை. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது கடை ஒரு பின்தெருவில், செங்கல் வரிசை வீடுகளுக்கு நடுவே, ஒரு வீட்டின் முன்னறை அளவுக்கு இருந்தது. ஞாயிறும் திங்களும் விடுமுறை. மற்ற நாட்களில் மதியம் இரண்டு மணி நேரம், மாலையில் நாலரை முதல் எட்டரை வரை. சுவரில் எழுதிய பட்டியல் பத்து வரியைத் தாண்டாது. பொரிக்கும் ரேஞ்சின் முன்னால் கணவர், கல்லாவில் மனைவி. ஒரு ஹாடாக் மீனும் சிப்ஸும் கேட்டேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்பத்தான் போடணும், ஆறு நிமிஷம் ஆகும். பரவாயில்லையா, லவ்?" என்றார். யார்க்ஷயரில் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மூரில் கடைக்காரர் 'தம்பி' என்பது மாதிரி.

அந்த ஆறு நிமிடம் ஒரு பாடம். கணவர் மீன் துண்டை எடுத்து முதலில் உலர்ந்த மாவில் புரட்டினார். மேல்மாவு நழுவாமல் பிடிக்க அது வேண்டும். பிறகு குளிர்ந்த மாவுக் கரைசலில் முக்கி, ஓரத்தில் வழித்து, வாலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எண்ணெய்க்குள் படுக்கவைத்தார். தொப்பென்று போடவில்லை. முன்பக்கம் இறுகிய பிறகே வாலை விட்டார். சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். முதலில் 'ஷோ'வென்று மழை மாதிரி இருந்த சத்தம் மெல்லமெல்ல அடங்கி மெல்லிய சலசலப்பானதும் எடுத்து, கம்பித் தட்டில் எண்ணெய் வடியவிட்டார். வடை சட்டியின் சத்தத்தை வைத்தே வெந்ததைச் சொல்லும் டீக்கடை மாஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். கண்டம் மாறினாலும் காது மாறவில்லை.

"உப்பும் வினிகரும்?" "போடுங்க." "ஸ்கிராப்ஸ்?" அது என்னவென்று தெரியாமலேயே தலையாட்டினேன். எண்ணெயில் உதிர்ந்து மிதக்கும் மாவுத் துணுக்குகளை அரித்தெடுத்துச் சிப்ஸின் மேல் தூவிக் கொடுத்தார். இந்த ஊரில் அதற்குக் காசு வாங்குவதில்லை. கடைக்கு வெளியே ஒரு தாழ்வான சுவர். அதன் மேல் பொட்டலத்தைப் பிரித்தேன். ஓடு விரலுக்குக் கீழே 'படக்'கென்று உடைந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று மீன், இதழ் இதழாகப் பிரிந்தது.

நல்ல சிப்பியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு, அன்றிலிருந்து நான் சேர்த்துவைத்த அடையாளங்களைச் சொல்கிறேன். முதல் அடையாளம், கடை உங்களைக் காக்கவைக்கிறதா என்பது. கூட்டம் நெருக்கும் நேரத்தில் தொடர்ந்து பொரித்துக்கொண்டே இருப்பார்கள், அப்போது உடனே கிடைத்தாலும் நல்லதுதான். கூட்டமில்லாத நேரத்தில் உடனே கிடைத்தால் யோசியுங்கள். இரண்டாவது, வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். நல்ல எண்ணெய்க்குப் பசியைக் கிளப்பும் வாசனை உண்டு, கண்ணைக் கரிக்காது. மூன்றாவது, பட்டியல் சின்னதாக இருக்கட்டும். பீட்ஸா, கபாப், கோழி எல்லாம் விற்கும் இடத்தில் மீனுக்கென்று தனிக் கவனம் கிடைப்பது கஷ்டம். நான்காவது, மீன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அக்கறையுள்ள கடைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். என் கடைக்காரர் எந்தக் கடல் என்பது வரை சொன்னார்.

சிப்ஸைப் பற்றியும் கேளுங்கள். அங்கேதான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். கிழங்கைத் தங்கள் கடையிலேயே தோல் சீவி வெட்டுகிறார்களா? மாரிஸ் பைப்பர் என்ற ரகம், 1966இல் அறிமுகமானது, இன்றும் சிப்பிகளின் செல்லப்பிள்ளை. மாவுச்சத்து அதிகம், உள்ளே பஞ்சாக வேகும். கிழங்கை அதிகக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். பொரிக்கும்போது உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும். கோடையின் தொடக்கத்தில் புதுக்கிழங்கு வரும், அதில் தண்ணீர் அதிகம், சிப்ஸ் துவளும். "இந்த ரெண்டு வாரம் சிப்ஸ் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், லவ்" என்று அந்த அம்மாள் ஒவ்வொரு ஜூனிலும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். கிழங்குக்கும் பருவம் உண்டு என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் கடையை நான் எப்படி விட்டு விலகுவேன்?

மீன் விஷயத்தில் என் பழைய நம்பிக்கை ஒன்றைக் கடைக்காரர் உடைத்தார். அவர் வாங்குவது உறைந்த மீன். எனக்குப் பகீரென்றது. பொறுமையாக விளக்கினார். ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துக் கடல்களில் பிடிக்கும் பெரிய கப்பலிலேயே மீனைச் சுத்தம் செய்து, துண்டுபோட்டு, பிடித்த சில மணி நேரத்துக்குள் உறையவைத்துவிடுகிறார்கள். 'புத்தம் புது மீன்' என்று பலகை வைத்திருக்கும் இடத்து மீன், படகில் ஐஸுக்குள் பல நாள் கிடந்து, ஏலம் போய், லாரி ஏறி வந்ததாகக்கூட இருக்கலாம். எங்கள் அம்மா வெறுத்தது உருகும் ஐஸுக்கடியில் நாள்கணக்கில் கிடந்த மீனை. இது வேறு சமாச்சாரம்.

இங்கிலாந்தின் மீன் ஏன் பெரும்பாலும் இங்கிலாந்துப் படகில் வருவதில்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1958 முதல் 1976 வரை ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே காட் மீனின் பெயரால் 'காட் போர்கள்' என்று பெயர்பெற்ற கடல் தகராறுகள் நடந்தன. ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையைப் படிப்படியாக 200 கடல் மைல் வரை நீட்டி, கடைசியில் வென்றது. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் தொலைகடல் தொழில் அதில் சரிந்தது. எங்கள் ஊரில் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கடலில் போகாத நாள் கரையில் எப்படி வலிக்கும் என்று தெரியும்.

தெற்கே காட் மீன்தான் பிரியம் என்றால் யார்க்ஷயருக்கு ஹாடாக்தான். காட்டைவிடச் சற்றே இனிப்பு. லீட்ஸ் கிர்கேட் மார்க்கெட்டின் மீன் கடைகளில் முழு ஹாடாக்கைப் பார்க்கலாம். தோளருகே ஒரு கரும்புள்ளி இருக்கும். அது இயேசுவின் சீடர் இராயப்பரின் பெருவிரல் பட்ட தடம் என்பது இங்குள்ளவர்களின் பழங்கதை. மீன் வாயிலிருந்து காசெடுத்த அந்தச் செம்படவரின் விரலடையாளம் இந்தக் குளிர்கடல் மீன் மேலும் இருக்கிறது என்று கேட்டபோது, தவக்கால வெள்ளிகளில் மீன் குழம்போடு வளர்ந்த எனக்கு ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தது போலிருந்தது. இங்கேயும் வெள்ளிக்கிழமைதான் மீன் நாள். பெரிய வெள்ளியன்று சிப்பி வாசலில் வரிசை தெருவைச் சுற்றும்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். யார்க்ஷயர்க் கடைகளில் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பை உருக்கித்தான் பொரிக்கிறார்கள். அந்த ஆழமான ருசிக்கு அதுவே காரணம் என்பது இவர்களின் உறுதியான நம்பிக்கை. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் சைவர்களும் 'சிப்ஸ் மட்டும்தானே' என்று வாங்கிவிடக் கூடாது. அதுவும் அதே கொழுப்பில்தான் வேகிறது. தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. வாங்கும் முன் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

இந்தத் தீனியின் பூர்வீகத்தைத் தேடினால் அதுவும் புலம்பெயர்ந்தவர்களிடம்தான் போய் நிற்கிறது. மாவில் தோய்த்த மீனைப் பொரிக்கும் வழக்கம் ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து வந்த யூதர்களோடு இங்கே வந்தது. முதல் கடை எது என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை. 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் கடை போட்ட ஜோசப் மாலின் என்ற யூதர் என்பார்கள் ஒரு பக்கம். 1863இல் லங்காஷயரின் மாஸ்லியில் மரக்கொட்டகையில் விற்ற ஜான் லீஸ் என்பார்கள் மறுபக்கம். லீட்ஸுக்கு அருகே கைஸ்லியில் 1928இல் ஹாரி ராம்ஸ்டன் தொடங்கியதும் ஒரு மரக்கொட்டகையில்தான். இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தபோது ஃபிஷ் அண்ட் சிப்ஸுக்கு மட்டும் அரசு கை வைக்கவில்லை. உழைத்துக் களைத்தவர்களின் வயிற்றை நிரப்பியது அது.

1913இல் தொடங்கிய மீன் பொரிப்போர் தேசியக் கூட்டமைப்பின் அலுவலகம் இதே லீட்ஸில்தான் இருக்கிறது. அதுவும் எந்தப் பகுதியில் தெரியுமா? மீன்வுட்! ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தமிழ்க் காதுள்ளவன் அந்தப் பலகையைத் தாண்டும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் சுமார் 35,000 சிப்பிகள் இருந்தன. இப்போது சுமார் 10,500. 2022இல் உக்ரைன் போர் வந்ததும் சூரியகாந்தி எண்ணெய், கோதுமை மாவு, எரிவாயு என்று எல்லாவற்றின் விலையும் ஒன்றாக ஏறியது. ரஷ்ய வெண்மீனுக்கு 35 சதவீதம் கூடுதல் வரியும் வந்தது. ஒரு சின்னக் கடையின் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் அடி. அந்த வருடம் என் கடைக்காரர் பட்டியலில் விலையை மூன்று முறை மாற்றி எழுதினார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் முகத்தில் ஒரு சங்கடம், கடன் கேட்பவரைப் போல. முதல் இரண்டு முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை, "நீங்க இருந்தாப் போதும்" என்றேன். தூரமும் ஒரு சேர்மானம் என்று சொன்னேன் அல்லவா? தெருக்கடை மூடிவிட்டால் அந்தச் சேர்மானத்தைக் காசு கொடுத்துக்கூட வாங்க முடியாது.

போன இலையுதிர் காலத்தில் அம்மா வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை கூட்டிப்போனேன். மேல்கோட்டுக்குள் கைகளை இழுத்துக்கொண்டு கண்ணாடி வழியே ரேஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யய்யா, இது எப்ப புடிச்ச மீனு? கேட்டுச் சொல்லு" என்றாள். கேட்டுச் சொன்னேன். கப்பலிலேயே உறையவைத்தது என்றதும் முகம் சுருங்கியது. மறுபேச்சு இல்லை. பொட்டலத்தை வாங்கி, வழக்கம்போல வெளியே சுவரின் மேல் பிரித்தேன். ஓட்டை உடைத்தாள். மீனைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினாள்; கூடைமுன் குந்தியிருக்கும்போது அமுக்குவாளே, அதே மாதிரி. இதழ்கள் குழையாமல் தனித்தனியாக நழுவின. ஒரு துண்டு வாயில் போட்டாள். இன்னொன்று.

தெருவில் குளிர்காற்று கூடிக்கொண்டே இருந்தது. "அம்மா, வீட்டுக்குப் போயி உக்காந்து தின்னலாம், வாங்க" என்றேன். எட்டு நிமிட நடைதான்.

"ஆறிரும்ல" என்றாள், தலையை நிமிர்த்தாமலேயே. "இங்கனயே நிப்போம்."